செத்தவருக்குக் கட்சி இல்லை

எங்கள் மாவட்டத்தில் வரலாறு என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு சண்டைதான் நடந்திருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் வருஷங்களுக்கு முன்னால், நாட்டின் உள்நாட்டுப் போரில், அரசரின் படையும் பாராளுமன்றத்தின் படையும் தோர்ன்பீல்டு புல்வெளியில், ஒரு சின்ன ஓடையின் இரண்டு கரைகளிலும் வந்து நின்றன. கொஞ்ச நேரம் சுட்டுக்கொண்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. துப்பாக்கி மருந்து நனைந்துபோனதால் இரண்டு தரப்பும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டன. யார் ஜெயித்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. அதைக் கண்டுபிடிக்கப் போர்க்கள அறக்கட்டளையில் ஒரு துணைக்குழு இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது கூடிக் கூடிக் கலைகிறது.

வருஷா வருஷம் ஆகஸ்டில் அறக்கட்டளை இந்தச் சண்டையை மறுபடியும் நடத்திக் காட்டும். ‘குடும்பங்களை ஒன்றுசேர்க்கும் ஒரே போர்’ என்று எல்லா பஸ் நிறுத்தங்களிலும் சுவரொட்டி ஒட்டுவார்கள். எட்வின் பார்ஸ்லோவின் மகள் மரியன் பார்த்தது அந்தச் சுவரொட்டியைத்தான்.

எட்வின் எங்கள் தெருவில் கடைசி வீட்டுக்காரர். கம்பளக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தோட்டத்து வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னோடு தக்காளியைப் பற்றி மட்டும் பேசுவார். மகள் வடக்கே வேறு ஊரில் இருந்தாள். அவளும் அவள் கணவன் நைஜலும் ஏழு வயது மகள் ஹெட்டியைக் கூட்டிக்கொண்டு அந்த வியாழக்கிழமை நியூசிலாந்துக்குக் கிளம்புகிறார்கள். வீட்டை விற்றாயிற்று. சாமான்கள் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. உட்கார நாற்காலிகூட இல்லாத வீட்டுக்கு அப்பாவை எப்படி வரச் சொல்வது? இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தது தோர்ன்பீல்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே சந்தித்து, புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டு, விடைபெற்றுக்கொள்வது என்று ஏற்பாடு. டிக்கெட்டுகளை மரியனே கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டாள்.

எட்வின் முட்டையும் கீரையும் வைத்த ரொட்டிகளைக் கட்டிக்கொண்டு சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். வாசலில் திருமதி கிரிம்ஷா நின்றிருந்தாள். பதினேழாம் நூற்றாண்டுப் பாவாடை, வெள்ளைத் தலைத்துணி. அதற்கு மேல் இந்த நூற்றாண்டின் மஞ்சள் பாதுகாப்புச் சட்டை.

“அரசரா, பாராளுமன்றமா?”

“நான் என் மக குடும்பத்தோட வந்திருக்கேன்ம்மா.”

“அது கட்சி இல்லையே சார். டிக்கெட்டைக் காட்டுங்க.” பார்த்தாள். “தனியாள். பாராளுமன்றம். இடது பக்கம் போங்க.”

“என் மக?”

“குடும்பமா? குடும்பங்க எல்லாம் அரசர் பக்கம். அவங்களுக்கு வேற வாசல், வேற ரோடு. ஊஞ்சல், நிழல், ஐஸ்கிரீம் எல்லாம் அங்கதான் இருக்கு. தனியா வர்றவங்களுக்கு ஊஞ்சல் எதுக்கு, சொல்லுங்க? அதான் கம்ப்யூட்டரே அவங்களைப் பாராளுமன்றத்துல போட்டுருது. அந்தக் காலத்துலயும் அந்தக் கட்சிக்காரங்க சிரிக்க மாட்டாங்க. பொருத்தமா இருக்கும்.”

“பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடலாமில்ல?”

“பாலத்துக்காகத்தானே சார் சண்டையே! சண்டை முடியற வரைக்கும் அதை எப்படித் திறக்கிறது?”

“சரி, அப்ப நான் காரை எடுத்துட்டு அந்த வாசலுக்கே போயிடறேன்.”

திருமதி கிரிம்ஷா அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். கார் நிறுத்துமிடத்தின் வழியை மறித்து ஒரு பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

“அவ வியாழக்கிழமை வெளிநாடு போறா. மறுபடி எப்பப் பாப்பேன்னு தெரியாது” என்றார் எட்வின். அதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

திருமதி கிரிம்ஷாவின் முகம் கனிந்தது. “நம்ம போர்ல அப்பன் ஒரு கரையில, புள்ளை ஒரு கரையில நின்னு சண்டை போட்டிருக்காங்க. மத்தவங்களுக்கு அதை நாங்க பலகை வெச்சுத்தான் புரிய வைக்கணும். உங்களுக்கு அனுபவமாவே கிடைக்குது. குடுத்து வெச்சவர் சார் நீங்க!”

பாராளுமன்றப் பக்கத்தில் மடக்கு நாற்காலிகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். பக்கத்து நாற்காலியில் அவரவர் பை. கறுப்பு அங்கி போட்ட பிரசங்கி ஒருவர் நடந்தபடியே, சிரிப்பு பாவம், இசை பாவம், ஆடம்பரச் சாப்பாடு பெரும் பாவம் என்று முழங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கூடாரத்தில் பட்டாணிக் கூழ் மட்டும் கிடைத்தது. அதன் பக்குவத்தை அறக்கட்டளை பல வருஷம் ஆராய்ந்து கண்டுபிடித்ததாம். வாங்கிய ஒருவர், கண்டுபிடிக்காமலே விட்டிருக்கலாம் என்றார். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து முழுப் பன்றியை வாட்டும் மணமும் பிடில் சத்தமும் வந்தன.

மரியனிடமிருந்து போன் வந்தது.

“அப்பா, எங்களை இந்தப் பக்கம் விட்டுட்டாங்க. நீங்க எங்க இருக்கீங்க?”

“எதிர்ப் பக்கம்மா. நான் பாராளுமன்றமாம்.”

“என்னப்பா இது கூத்து! நான் வாசல்ல நிக்கறவன்கிட்ட சண்டை போட்டுப் பாத்துட்டேன். வரலாற்றை மாத்த முடியாது மேடம்னு சொல்றான். இருங்க, கையை ஆட்டறோம், தெரியுதா பாருங்க. ஹெட்டி தலைல சிவப்பு இறகு வெச்சிருக்கா.”

புல்வெளிக்கு அப்பால் ஒரு சிவப்புப் புள்ளி துள்ளியது. எட்வின் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அவர் ஆட்டுவதைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரரும் எழுந்து ஆட்டினார். அவருக்கு அடுத்தவரும் ஆட்டினார். சற்று நேரத்தில் பாராளுமன்றப் பக்கம் முழுவதும் எழுந்து நின்று அக்கரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தது. அக்கரையில் அவர்களுக்கு யாரும் இல்லை.

“இவ்வளவு பேர்ல நீங்க யாருப்பா?” என்று கேட்டாள் மரியன்.

எட்வின் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு தலைவரைப் பார்க்கப் போனார்.

அறக்கட்டளைத் தலைவர் கர்னல் ப்ராம்வெல், பாலத்தை ஒட்டிய கூடாரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ராணுவத்தில் இருந்த காலமெல்லாம் போர்வைக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தவர். போர் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும் என்பதை எங்கள் ஊரில் யாரும் சந்தேகித்ததில்லை. எட்வின் சொன்னதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“மிஸ்டர் பார்ஸ்லோ, எங்க அறக்கட்டளையோட நோக்கமே குடும்பங்களை ஒண்ணு சேர்க்கறதுதான். அதுக்குக் குறுக்கே யாரோட குடும்பமும் வர்றதை நாங்க அனுமதிக்க முடியாது.”

“நான் கட்சி மாறிடறேனே.”

“தாராளமா மாறலாம். அதுக்குப் பேர் துரோகம். துரோகிகளைச் சண்டைக்கு முன்னாடி வரிசையா நிக்க வெச்சு சுடுவோம். ஆனா இந்த வருஷம் அந்த இடமெல்லாம் நிரம்பிடுச்சு. ஒரு வங்கிக்காரங்க மொத்தமா எடுத்துக்கிட்டாங்க. ஊழியர் ஒற்றுமை நாளாம்.”

“கைதியா அந்தப் பக்கம் போனா?”

“கைதிப் பரிமாற்றத்தை இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கலை. போன தடவை ஒரு கைதி திரும்ப வரவே இல்லை. பேசாம வீட்டுக்குப் போயிட்டாரு.” கர்னல் கோப்பையைக் கீழே வைத்தார். “பாருங்க, ஒரு போரை நடத்தறது விளையாட்டில்லை. போன வருஷம் பாராளுமன்றத்தை ஜெயிக்க விட்டோம். அரசர் பக்கத்துக் குழந்தைங்க அழுதுதுங்க. ஒரு அம்மா வக்கீல் நோட்டீசே அனுப்பிட்டாங்க. அதனால இந்த வருஷம் யாரும் ஜெயிக்கக் கூடாதுன்னு நிர்வாகக் குழுவுல ஒருமனதா தீர்மானம் போட்டிருக்கோம். வரலாற்றை உள்ளது உள்ளபடி காட்டறதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு.”

எட்வின் எழுந்திருக்கவில்லை. அவர் பிடிவாதக்காரர் இல்லை. எழுந்தால் எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கர்னல் சங்கடத்தோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

“ஒரு வழி இருக்கு. செத்துப் போறீங்களா?”

“என்னங்க?”

“செத்தவருக்குக் கட்சி கிடையாது. சண்டை முடிஞ்சதும் ரெண்டு தரப்புப் பிணங்களையும் அரசர் பக்கத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவோம். ஜெபக் கூடாரம் அங்கதான் இருக்கு. இந்த வருஷம் சாகறதுக்கு ஆள் குறைச்சல்தான். எல்லாரும் உயிரோட இருக்கணும்னு ஆசைப்படறாங்க. இந்தக் காலத்துல யாருக்கும் தியாக புத்தியே இல்லை.”

எட்வின் உடனே ஒப்புக்கொண்டார்.

சாவுக்குப் பொறுப்பான சார்ஜென்ட் வார நாட்களில் பல் வைத்தியர். சாம்பல் நிறக் கோட்டையும் இரும்புத் தொப்பியையும் மாட்டிவிட்டு, புதிதாகச் சாக வந்திருப்பவர்களை நிற்க வைத்து விளக்கினார். முதலில் இடது முழங்காலை ஊன்ற வேண்டும். பிறகு பக்கவாட்டில் சாய வேண்டும். குழந்தைகள் பார்ப்பதால் வேதனையைக் காட்டக் கூடாது. ஒருவர் மேல் ஒருவர் சாகக் கூடாது. வயதானவர்களுக்குப் புல்லில் பாய் போட்டிருக்கும், அதன் மேல் மட்டுமே சாக வேண்டும். ஈரத்தில் செத்து ஜலதோஷம் பிடித்தால் அறக்கட்டளை பொறுப்பில்லை.

“எதுவும் சந்தேகம் இருக்கா?”

“அரசர் பக்கத்துக்கு ரொம்ப ஒட்டினாப்பல சாகலாமா?” என்று கேட்டார் எட்வின்.

“ஆர்வம் நல்லதுதான் சார். ஆனா முன்வரிசைச் சாவெல்லாம் பழைய ஆளுங்களுக்கு.”

துரோகிகளான வங்கி ஊழியர்கள் முதலில் சுடப்பட்டார்கள். அவர்களுடைய மேலாளரை இரண்டு முறை சுடச் சொல்லிக் கோரிக்கை வந்தது. பிறகு முரசு கொட்டியது. இரண்டு குதிரைகளில் ஒன்றுக்கு உடம்பு சரியில்லாததால், மீதியிருந்த ஒன்றே அரசரின் சிவப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு தடவை பாய்ந்து, கூடாரத்துக்குப் பின்னால் போய்ப் பாராளுமன்றத்தின் சாம்பல் துணிக்கு மாறி எதிர்ப்பக்கமாக ஒரு தடவை பாய்ந்தது. தன்னைத் தானே துரத்தியதில் அது சீக்கிரம் களைத்துவிட்டது. புகை எழுந்தது. எட்வின் ஓடினார். கம்பளம் விரித்துத் தேய்ந்த முழங்கால்களோடு, தம் வயதை மறந்து, அந்தச் சிவப்பு இறகு தெரிந்த திசையிலேயே ஓடினார். கூடவே ஓடிவந்த சார்ஜென்ட், “உங்க பாய் போயிடுச்சு சார், பின்னாடி போயிடுச்சு!” என்று கத்தினார். எட்வின் அடுத்த பாயில் விழுந்தார். அது யாரோ ஒரு பழைய ஆளுடையது. ஓடைக்கரை எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒருவர் முனகிக்கொண்டே வந்து படுத்தார். நரைத்த தாடி, நெற்றியில் சிவப்புச் சாயம்.

“நீங்க படுத்திருக்கிறது என் பாய்” என்றார், உதட்டை அசைக்காமல்.

“மன்னிச்சுக்குங்க. எந்திரிக்கட்டுமா?”

“செத்தப்புறம் என்ன எந்திரிக்கிறது? இருங்க. நான் டென்ஸில். நீங்க புதுசா?”

“இதுதான் முதல் தடவை.”

“நான் பல வருஷமா செத்துக்கிட்டிருக்கேன்.”

புகை அவர்கள் மேல் மெதுவாகக் கடந்தது. எட்வின் கோட்டுப் பையிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டினார். டென்ஸில் கண்ணை மட்டும் திருப்பினார்.

“முட்டையா?”

“முட்டையும் கீரையும். பேத்திக்குன்னு கட்டிட்டு வந்தேன். செத்தவங்க சாப்பிடலாமில்ல?”

“அசையாம சாப்பிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

இரண்டு பிணங்களும் வானத்தைப் பார்த்தபடி மென்றன.

“வருஷா வருஷம் எதுக்குங்க இங்க வந்து சாகறீங்க?” என்று கேட்டார் எட்வின்.

டென்ஸில் விழுங்கிவிட்டுச் சொன்னார்: “தூக்கிட்டுப் போவாங்க பாருங்க, அதுக்குத்தான். ஒருத்தன் தோளைப் பிடிப்பான், ஒருத்தன் காலைப் பிடிப்பான். ‘பாத்து, பாத்து, தலை இடிக்கும்’பாங்க. என் பொண்டாட்டி போனதுக்கப்புறம் என்னை யாரும் பாத்துப் போன்னு சொன்னது கிடையாது.”

எட்வின் இன்னொரு ரொட்டியை நீட்டினார்.

சண்டை தீர்மானத்தின்படியே முடிந்தது. யாரும் ஜெயிக்கவில்லை. எட்வின் தம்மைத் தூக்க வருவார்கள் என்று காத்துக் கிடந்தார். யாரும் வரவில்லை. விழாவுக்குப் பணம் கொடுத்த ஊறுகாய்க் கம்பெனியின் முதலாளியம்மா எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டதால், கர்னல் பாலத்தைத் திறக்காமல் அதன் மேலேயே நின்று தம் உரையை முன்னால் வைத்துக்கொண்டுவிட்டார். பின்னணியில் பிணங்கள் இருந்தால் படத்துக்கு நன்றாயிருக்கும் என்று அந்த அம்மா சொன்னாளாம்.

“நண்பர்களே! குடும்பங்களே!” என்று ஒலிபெருக்கி முழங்கியது. “இந்தப் புல்லைப் பாருங்க. இங்க கிடக்கிறவங்களைப் பாருங்க. இவங்களுக்கும் குடும்பம் இருந்துது. அதை விட்டுட்டுத்தான் இவங்க இங்க கிடக்கிறாங்க. எதுக்காக? ஒரு நாள் நாம இங்க குடும்பத்தோட வந்து சந்தோஷமா உக்கார்றதுக்காக! ஊறுகாய் சாப்பிடறதுக்காக!”

எட்வினின் பைக்குள் போன் அடித்தது.

டென்ஸில் பல்லைக் கடித்தார். “அணைங்க, அணைங்க! அந்தக் காலத்துல போன் கிடையாது.”

எட்வின் எடுத்தார்.

“அப்பா, எங்க போயிட்டீங்க? உங்க பக்கம் ஒரு நாற்காலி காலியா இருக்கு.”

“நான் செத்துட்டேன்ம்மா.”

“என்னது?”

“நடுவுல கிடக்கேன். ஓடைக்குப் பக்கத்துல. சாம்பல் கோட்டு, இரும்புத் தொப்பி.”

“எல்லாருமே அப்படித்தானே கிடக்கறாங்க!”

“காலைத் தூக்கறேன், பாரு.”

ஒரு பிணத்தின் கால் மெதுவாக எழுந்து, நின்று, இறங்கியது. அக்கரையில் யாரோ சிரித்தார்கள்.

“பாத்துட்டேன், பாத்துட்டேன். ஏம்ப்பா இப்படி? இந்த வயசுல அங்க போய் விழுந்து கிடக்கணுமா?”

“செத்தா உங்க பக்கம் தூக்கிட்டு வருவாங்கன்னு சொன்னாங்க.”

ஒலிபெருக்கி குடும்பத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனது.

“அப்பா,” என்றாள் மரியன் கடைசியில், “நைஜல் காரை எடுக்கப் போயிட்டாரு. குதிரை வண்டி வெளிய போகணுமாம், அரசர் பக்கத்துக் கார்களையெல்லாம் இப்பவே எடுக்கச் சொல்லிட்டாங்க. வீட்டுல சாமான் ஏத்தற லாரிக்காரன் வந்து வாசல்ல நிப்பான். சாயங்காலம் சாவியைக் குடுத்தாகணும்.”

“சரிம்மா.”

“சரின்னா?”

“சரின்னா... நான் எந்திரிக்கறேன்.”

அவர் எழுந்தார். முதலில் இடது முழங்காலை ஊன்றி, பிறகு கையை ஊன்றி. புல்வெளி முழுவதும் பிணங்கள் படுத்திருக்க, அவர் ஒருவர் மட்டும் நின்றார். பிறகு நடந்தார்.

கர்னலின் உரை தடுமாறியது. “இறந்தவர்கள் தயவுசெய்து படுத்திருக்கவும். மிஸ்டர்... இறந்தவர்! எல்லாம் குடும்பங்களுக்காகத்தான் பண்றோம், கொஞ்சம் ஒத்துழைங்க!”

அக்கரைக் கயிற்றுக்குக் கீழே குனிந்து ஹெட்டி ஓடிவந்தாள். பின்னாலேயே மரியன். ஓடை வாய்க்கால் அகலம்தான் இருக்கும். இளம் வயதென்றால் எட்வின் தாண்டியிருப்பார். அவர் கரையிலேயே முழங்காலிட்டுக் கையை நீட்டினார். குழந்தையும் நீட்டியது. விரல் நுனிகள் மட்டும் எட்டின.

“தாத்தா, வலிக்குதா?”

“இல்லடா தங்கம்.”

“உங்களை யாரு சுட்டாங்க?”

“தெரியலையே. தூரத்துல இருந்தவங்க யாரோ.”

ஹெட்டி யோசித்தாள். திரும்பித் தன் பக்கத்தைப் பார்த்தாள். “தூரத்துல நாங்கதானே இருந்தோம். நாங்களா சுட்டோம்?”

“சேச்சே, நீங்க இல்ல.”

மரியன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அங்க போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு” என்றார் எட்வின் மகளிடம். “நேரத்தைப் பத்தியெல்லாம் கவலைப்படாத. அங்க பகல், இங்க ராத்திரின்னு யோசிச்சுக்கிட்டு இருக்காத. எப்ப வேணா பண்ணு. நான் சும்மாதான் இருப்பேன்.”

“அப்பா, நீங்களும் ஒரு தடவை அங்க...”

“வரேன், வரேன்.”

அதற்கு மேல் பேச முடியவில்லை. ஏனென்றால் இரண்டு கரைகளிலும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியிருந்தது. போர் பிரித்த அப்பா, மகள், பேத்தி. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊறுகாய் முதலாளியம்மா விசும்பினாளாம்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் தூக்குப்படுக்கையோடு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அறக்கட்டளை விதிப்படி, தூக்கும் முன்பே எழுந்துவிட்ட பிணம் உடம்பு சரியில்லாத பார்வையாளர். உடம்பு சரியில்லாதவர்களுக்கான கூடாரம் பாராளுமன்றப் பக்கம் இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் கொண்டுபோங்கள் என்று எட்வின் சொல்லச் சொல்ல, “பாத்து, பாத்து, தலை” என்று அவரைப் பத்திரமாகப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவருக்கு வானம் மட்டும் தெரிந்தது. தாத்தா என்று ஒரு குரல் இரண்டு தடவை கேட்டது. பிறகு பிடில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கூடாரத்தில் செவிலி நாடி பார்த்தாள், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். கர்னல் ப்ராம்வெல் மூச்சிரைக்க உள்ளே வந்தார். திட்டப் போகிறார் என்று எட்வின் நினைத்தார். கர்னல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பிரமாதம், மிஸ்டர் பார்ஸ்லோ! அந்தம்மா அடுத்த வருஷத்துக்கும் பணம் தரேன்னுட்டாங்க. அந்தக் காட்சியை நிரந்தரமா நிகழ்ச்சியில சேர்த்துடறோம். நீங்க வந்தா மட்டும் போதும். மகளா நடிக்க நாங்களே ஒரு பொண்ணை ஏற்பாடு பண்ணிடறோம். உங்க பொண்ணு அழுதது பின்வரிசைக்குக் கேக்கலைன்னு சொன்னாங்க. கொஞ்சம் சத்தமா அழற ஆளாப் பாக்கறோம்.”

அவர் போன பிறகு எட்வின் தலையைத் திருப்பிப் பார்த்தார். கூடாரத்தின் திறப்பு வழியே அக்கரை தெரிந்தது. ஊஞ்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கார்கள் எல்லாம் போய்விட்டிருந்தன.

“உங்களுக்கு ஒண்ணுமில்லை சார்” என்றாள் செவிலி. “ஆனா இந்த வயசுல தனியா அனுப்பக் கூடாதுன்னு விதி. குடும்பத்துல யாராவது வந்து கூட்டிட்டுப் போகணும். கூட யாராவது வந்திருக்காங்களா?”

“வந்தாங்க” என்றார் எட்வின்.

“இப்ப எங்க?”

அவர் மறுபடியும் அக்கரையைப் பார்த்தார். செவிலி நல்ல பெண்தான். இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனாள். வெளியே நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. இப்படியே எவ்வளவு நேரம் இருந்தாரோ, துணியை விலக்கிக்கொண்டு டென்ஸில் தலையை நீட்டினார். நெற்றியில் சாயம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

“நான் அவரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“தம்பி.”

செவிலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்படியா. அண்ணன் பேர் என்ன?”

டென்ஸில் விழித்தார். புல்வெளியில் அவ்வளவு பேசியும் அதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. “வீட்டுல அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லைம்மா” என்றார்.

“அது உண்மைதான்” என்றார் எட்வின் படுக்கையிலிருந்து.

செவிலிக்கும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. விட்டுவிட்டாள்.

பீரங்கியை வழியிலிருந்து நகர்த்தியிருந்தார்கள். பனியில் நனைந்த புல்லில் இரண்டு பேரும் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். அந்தப் பெரிய மைதானத்தில் இரண்டே இரண்டு கார்கள், ஒரு மூலையில் ஒன்றும் இன்னொரு மூலையில் ஒன்றுமாக நின்றன. பிரியும் இடத்தில் டென்ஸில் நின்றார்.

“உங்க பேர் என்னன்னு சொல்லவே இல்லையே.”

“எட்வின்.”

டென்ஸில் ஒரு தடவை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கார்ச் சாவியைக் கையில் உருட்டினார்.

“அடுத்த வருஷமும் சாக வருவீங்களா, எட்வின்?”

எட்வின் வானத்தைப் பார்த்தார்.

“மழை இல்லைன்னா வரேன்” என்றார்.